கீழ்ப்படியில் இருந்த இரண்டு கட்டைகள்

இன்று காலை எங்கள் அச்சாபீசில் ஆயுத பூஜை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தப் பொரியெல்லாம் நமுத்துப் போயிருக்கும்.

கம்பாசிட்டர் சிகாமணி ஒரு தாம்பாளத்தோடு மாடி ஏறி வந்தார். ஆசிரியரின் பேனா, மானேஜரின் பேனா, புரூப் ரீடரின் சிவப்புப் பென்சில் எல்லாம் அதில் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன.

"உங்க பேனா சார்?"

"இல்லை" என்றேன்.

"சட்டைப் பையில இருக்கே!"

"இருக்கு. தர்றதா இல்லை."

சிகாமணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் எப்பலேருந்து கறுப்புச் சட்டை?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நான் நாஸ்திகன் அல்ல. என் வீட்டில் ஒன்பது நாளும் விளக்கு எரிகிறது. இன்று சரஸ்வதி பூஜை, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் இந்த அடம்? ஆறு வருஷமாக ஒரு விஷயத்தை விழுங்கி வைத்திருக்கிறேன். இன்று தாம்பாளத்தைப் பார்த்ததும் தொண்டைக்கு வந்துவிட்டது.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு வேகன் டிப்போவில் கிளார்க். கல்மண்டபத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் இருந்தது. பேர் வேண்டாம். துறைமுகத்துக்குப் போய் வருகிற கூட்ஸ் வண்டிகள் ரிப்பேருக்காக அங்கே வந்து நிற்கும். டிராம் ஓடிய கடைசிக் காலம் அது. ராயபுரம் வரை டிராமில் வந்து, அப்புறம் நடப்பேன். டிப்போ கேட்டைத் தொடுவதற்குள் சட்டைக் காலரில் கரித்தூள் ஏறிவிடும்.

டிப்போவில் வருஷம் பூராவும் ஆண்கள் ராஜ்யம். வேலை செய்கிறவனின் மனைவியாக இருந்தாலும் சோற்றுத் தூக்கை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரே ஒரு நாள் விதிவிலக்கு... ஆயுத பூஜை. அன்றைக்குக் கேட் திறந்திருக்கும். தொழிலாளிகளின் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வருவார்கள். ஷண்டிங் எஞ்சினுக்கு வாழைமரம் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பின்னால் ஒரு பழைய பெட்டியைக் கோத்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு யார்டின் கோடி வரை போய்த் திரும்புவார்கள். அரை மைல்கூட இராது. அதற்கே புதுப் பாவாடை, தலை கொள்ளாத பூ!

பூஜை ஏற்பாடு கிளார்க்கின் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு. நான் சொல்லும் சம்பவத்துக்கு முந்தின வருஷம் இன்னொரு டிப்போவில் ஐந்து படி கட்டி, ஸ்பானரும் சுத்தியலும் விளக்குமாகக் கொலு மாதிரி அடுக்கியிருந்தார்களாம். எங்கள் ஃபோர்மன் அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சாகப் பேசினார். "படின்னா அது படி!" என்பார், என் முகத்தைப் பார்த்தபடி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாம் ஏழு படி கட்டினால் என்ன?

கட்ட வேண்டும் என்றால் பலகை வேண்டும், முட்டுக் கொடுக்கப் பெட்டி வேண்டும். பலகை கிடைத்தது. பெட்டி கிடைக்கவில்லை. அப்போதுதான் என் கண்ணில் பட்டது கட்டை.

கட்டை என்றால் வேறொன்றுமில்லை. நிற்கிற வண்டி நகராமல் இருக்கச் சக்கரத்தடியில் செருகுகிற மரத்துண்டு. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் சரிவு. இரண்டை எதிரும் புதிருமாகச் சேர்த்து வைத்தால் கச்சிதமாக ஒரு பெரிய செங்கல் போல ஆகிவிடும். அப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஏழு படி என்ன, ஒன்பது படிகூடக் கட்டலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். பாயிண்ட்ஸ்மேன். வண்டிகளை லைன் மாற்றிவிடுகிற கைப்பிடியை இழுப்பதும், நின்ற வண்டிகளுக்குக் கட்டை வைப்பதும் அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'வாய்யா போய்யா' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அங்கே வழக்கம் அப்படி.

"டிப்போவுல இருக்கற கட்டையெல்லாம் கொண்டாந்துடுய்யா. கழுவி, பட்டை போட்டு, பூஜைக்கு வைக்கணும்."

"நின்னுகினு கீற வண்டிக்கு வெச்சதுமா சார்?"

"எல்லாம்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "நாலாம் லைன்ல அஞ்சு வண்டி பிரேக்கு கழட்டிப் போட்டுக் கீது சார். கட்டயிலதான் நிக்குது."

"லீவு நாள்ல யாருய்யா அதைத் தொடப் போறா?"

கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவி, மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். நான் ஏழு படி கட்டினேன். மேல் படியில் சாமி படம். கீழே வரிசை வரிசையாக ஸ்பானர், ஜாக்கி, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கைவிளக்கு. ஃபோர்மன் வந்து பார்த்தார். என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்காகத்தான் இத்தனையும்.

மத்தியானம் பூஜை முடிந்து பொரி, சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், மனசு கேக்கல சார். கடல் காத்து ஏறிக்கினு வருது. ரெண்டே ரெண்டு கட்ட குடு சார். முன் வண்டிக்கு வெச்சுட்டு ஓடியாந்துடறேன்."

அவர் கை காட்டிய இரண்டும் கீழ்ப்படியில், ஓரத்தில் இருந்தன.

"பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுய்யா. நாளைக்குக் காலையிலதான். சாமி குத்தம் ஆயிடும்" என்றேன்.

அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆமா சார்... தப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். போய், முன் வண்டியின் சக்கரத்தடியில் இரண்டு ஜல்லிக் கல்லை வைத்துவிட்டு வந்தாராம். அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சாமி குத்தம் என்று சொன்னேனே தவிர, என் மனசில் இருந்தது சாமி இல்லை. கீழ்ப்படியிலிருந்து இரண்டு கட்டையை உருவினால் மேலே ஆறு படியும் சரியும். அன்றைக்கு நான் பயந்தது அதற்குத்தான்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எஞ்சின் இரண்டு நடை போய் வந்து, மூன்றாம் நடைக்குக் கிளம்ப நின்றது. பெட்டி நிறையப் பெண்களும் குழந்தைகளும். ஜன்னல் தோறும் கைகள். நான் ஷெட் வாசலில், என் படிகளுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் சற்றுத் தள்ளித் தன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

நாலாம் லைனில் நின்ற ஐந்து காலி வண்டிகளும் நகர்ந்தன.

சத்தமே இல்லை. அந்த லைன் ஷெட்டைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு; வந்து சேர்வது பெட்டி நின்ற லைனில்தான், கைப்பிடியை இழுத்துத் திருப்பிவிடவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவு. கப்பல் பாய்போல் காற்றை வாங்குகிற காலிப் பெட்டிகள் வேறு. ஜல்லிக் கல் நசுங்கியதோ நழுவியதோ... வண்டிகள் ஊர்ந்து வர ஆரம்பித்தன. வேகம் என்று சொல்ல முடியாது. கூடவே ஒரு ஆள் பேசிக்கொண்டு நடந்து வரலாம்.

ஏகாம்பரம்தான் முதலில் பார்த்தார்.

"சார்! கட்ட! கட்டயத் தூக்கிப் போடு சார்!"

நான் குனிந்தேன். என் கை கட்டைக்குக் கிட்டே போயிற்று. போய், நின்றுவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும், அவ்வளவுதான். ஏன் நின்றது என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தனமும் குங்குமமுமாக இருந்ததாலா? படி சரியும் என்றா? தெரியவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. ஷெட் தூணில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். முன் சக்கரத்தடியில் திணித்தார். வாழை நசுங்கிக் கூழானது. வண்டி கொஞ்சம் தயங்கி, மறுபடி நகர்ந்தது. ஒரு பெரிய கல்லை எடுத்து, கூடவே நடந்தபடி, குனிந்து, இரண்டு கையாலும் சக்கரத்தடியில் தள்ளினார்.

அதற்குள் நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பின்னால் ஏழு படியும் தடதடவென்று சரிந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

'டொக்' என்று ஒரு சத்தம். வண்டிகள் அந்தப் பெட்டியின் பின்புறத்தில் முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே சுண்டல் பொட்டலங்கள் சிதறின. ஒரு அம்மாளுக்குப் பல்லில் அடி. குழந்தைகளோ இது வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டின. "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று ஒரு பெண் குழந்தை கத்தியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ஏகாம்பரம் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல்.

மூன்று விரல் போய்விட்டது.

அவர் அந்தக் கல்லைத் தள்ளாதிருந்தால் அடி இன்னும் பலமாக இருந்திருக்கும் என்று எஞ்சின் டிரைவர் சொன்னார். பெட்டியின் படியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நான்கைந்து பேர்.

ஃபோர்மன் கத்தினார்: "எல்லாக் கட்டையையும் எடுத்துப் போய் வையுங்கடா!" நானே முதலில் எடுத்தேன். சாமி குத்தம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் பேச்சை ஆரம்பித்தது அவர்.

"விசாரண வெப்பானுங்க இல்ல சார்?"

"வைப்பாங்க."

"பூஜைக்கு எடுத்தோம்னு சொல்லிக்காத சார். சொன்னா அடுத்த வருசத்துலேர்ந்து பூஜயே கூடாதுன்னுடுவானுங்க. எங்க பொம்பளைங்க வருசத்துல ஒரு நாளுதான் சார் அந்தக் கேட்டுக்குள்ள வருது. எம் பொண்டாட்டி பத்து நாளா அதே பேச்சு. அத்த நாம கெடுக்கக் கூடாது. கழுவ எடுத்தேன், திருப்பி வெக்க மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன். இன்னா பண்ணிடுவான்? ஒரு மாசம் வூட்ல குந்துன்னுவான். குந்திட்டுப் போறேன்."

"சரி" என்றேன்.

அந்த 'சரி' எவ்வளவு சீக்கிரம் என் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. நான் வேலையில் நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதைத்தான் நினைத்தேன்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். ஃபோர்மன் உள்பட யாரும் அவர்களிடம் ஏழு படியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாக்குமூலம் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க் வேண்டும். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"கட்டையை யார் எடுத்தது?"

"நான்தாங்க."

"யார் எடுக்கச் சொன்னது?"

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. கழுவலாம்னு நானா எடுத்தேன். மறந்துட்டேன்."

அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மூன்று அதிகாரிகளில் ஒருவர், "நல்ல கையெழுத்து" என்றுகூடச் சொன்னார். ஏகாம்பரம் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரலை நீட்டினார். அதில் மை தடவியவனும் நான்தான்.

அவர் போட்ட கணக்கு தப்பிப் போயிற்று. ஒரு மாதம் அல்ல, வேலையே போய்விட்டது. சொந்தக் கவனக்குறைவு என்று தீர்ப்பு. யாராவது சொல்லிச் செய்திருந்தால், அடிபட்ட கைக்கு ஏற்றபடி கேட் வேலையாவது கொடுத்திருப்பார்கள். இப்போது அதற்கும் வழியில்லை. டிப்போ குவார்ட்டர்ஸில் குடியிருந்த வீட்டையும் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

அவர் மனைவி அஞ்சலை என்னைத் தேடிக்கொண்டு டிப்போ கேட்டுக்கு வந்தார். உள்ளே விட மாட்டார்களே, வெளியே வெயிலில் நின்றார்.

"அது இன்னா எழுதிக் குட்த்துச்சோ எனக்குத் தெரியாது சார். பதினாலு வருசமா கட்ட வெச்சுகினு கீது. தானா எடுக்கற ஆளா அது? நீயே சொல்லு சார். நீ ஒரு வார்த்த போய்ச் சொன்னா கேப்பாங்களாமே?"

"பார்க்கலாம்மா" என்றேன்.

அந்த வார்த்தைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூர்ப் பக்கம் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்த நாற்காலியில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். "கிளார்க்கு சார்!" என்று யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள்.

ஏகாம்பரம். தலை முழுக்க வெளுத்துவிட்டது. எண்ணூர் உப்பளத்தில் காவல் வேலையாம். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். என்னைக் கண்டதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"டிப்போ பக்கம் போறதுண்டா சார்? பூஜ நடக்குதா?"

"நடக்குது." எனக்குத் தெரியும். பழைய சிநேகிதர்கள் வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள்.

"பொம்பளைங்க, புள்ளைங்க வருதா?"

"வர்றாங்க."

"வண்டி வுடறாங்களா?"

"விடறாங்க."

"அப்ப சரி" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். இப்போதெல்லாம் கட்டையைப் பூஜைக்குக் கொண்டுவருவதில்லை. அன்று காலையில் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் லைன் லைனாகப் போகிறார்கள். சக்கரத்தடியில் இருக்கிற கட்டைக்கு, இருந்த இடத்திலேயே பொட்டு வைத்துவிட்டு வருகிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, ஆட்களே ஆரம்பித்தார்கள். அதாவது, டிப்போவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஏகாம்பரம், "அதான் சார் மொற. நமக்கு அன்னிக்குத் தோணாமப் பூட்ச்சு" என்றார்.

நமக்கு! கவனித்தீர்களா? தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்.

நாம் ஒரு பொருளைக் கும்பிட வேண்டும் என்றால் முதல் காரியமாக அதை வேலையிலிருந்து எடுத்துவிடுகிறோம். கழுவுகிறோம், பொட்டு வைக்கிறோம், உயரத்தில் உட்கார வைக்கிறோம். அது தாங்கிக்கொண்டிருந்த பாரத்தை யார் தாங்குவது என்று கேட்பதில்லை. மனிதர்களையும் இப்படித்தான் செய்கிறோமோ என்னவோ. 'ஏகாம்பரம் மாதிரி ஒரு நல்லவன் உண்டா!' என்று ஆறு வருஷமாக என் மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால் அவருக்கு ஒரு வேளைச் சோறு வந்ததா?

அவர் மூடி மறைத்ததற்குக் காரணம் பூஜை. உண்மையைச் சொன்னால் பழி பூஜையின் மேல் விழும், கேட் மூடிவிடும் என்று பயந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பூஜையைக் காப்பாற்றத்தானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஆனால் பூஜையின் மேல் என்ன தப்பு? எந்தச் சாமியும் அந்தக் கட்டைகளைக் கேட்கவில்லை. ஏழு படி வேண்டும் என்று கேட்டது நான்.

இதையே ஒரு வாக்குமூலமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, டிப்போவின் மேலதிகாரிகளுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பக் கவரில் வைத்திருக்கிறேன். தபாலாபீஸ் திறந்ததும் போய்விடும். பழைய ஃபைல், முடிந்துபோன கேஸ் என்று பதில் வரலாம். பதிலே வராமலும் போகலாம். ஒரு கேட் வேலை இன்னும் அவருக்கு வரக்கூடுமா என்று கேட்டு, வாரா வாரம் நான் போய் நிற்பதாக இருக்கிறேன், அஞ்சலை நின்ற அதே இடத்தில்.

சிகாமணி, இப்போது புரிகிறதா? அன்றைக்கு அதிகாரிகள் முன்னால் பொய் எழுதிய பேனா இதுதான். அதற்கு இன்று ஒரு வேலை பாக்கி இருந்தது.

கட்டையை எடுக்கச் சொன்னவன் நான். திருப்பி வைக்க வந்தவரைத் தடுத்தவனும் நான்.